கிளெய்மிங் குதிரைப் பந்தயத்தை எடைபோடுவது எப்படி: திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி "எந்தக் குதிரை வெல்லும்?" என்பது. கிளெய்மிங் பந்தயத்தில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இந்தக் குதிரையை இன்று, இந்த விலைக்கு விட்டுக்கொடுக்க அதன் உரிமையாளர் ஏன் சம்மதித்தார்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடுகிறவருக்கு மற்றவர்கள் பார்க்காத ஏதோ ஒன்று கண்ணில் படும். அதற்குப் பிறகுதான் ஒட்ஸை, அதாவது வென்றால் கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்ற விகிதத்தைப் பார்க்க வேண்டும். கணக்குப் போட வேண்டும்.

திருகோணமலையில் குதிரைப் பந்தயம் ஓடுவதில்லை. நம் நாட்டுப் பந்தயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரலில் நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் மாலையானதும் இங்கே புக்கியில் (பந்தயப் பணம் கட்டும் கடையில்) கூட்டம் சேர்கிறது. திரையில் ஓடுவது பெரும்பாலும் பிரிட்டன் பந்தயங்கள். அங்கே பகல் 1.30 என்றால் நமக்குக் கோடையில் மாலை 6 மணி, பனிக்காலத்தில் இரவு 7 மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பகல் 1 மணிக்கு ஓடும் பந்தயம் நமக்கு இரவு 10.30 அல்லது 11.30. கிளெய்மிங் பந்தயத்தின் தாய்வீடு அமெரிக்கா என்பதால் அந்த முறையை வைத்தே விளக்குகிறேன். பிரிட்டன் முறை ஒரு முக்கியமான இடத்தில் மாறுபடுகிறது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கிளெய்மிங் பந்தயம் என்றால் என்ன?

ஒரு பந்தயத்துக்கு 16,000 டொலர் என்று விலை அறிவிக்கப்படுகிறது. அதில் ஓடும் ஒவ்வொரு குதிரையும் அந்த விலைக்கு விற்பனைக்கு வந்துவிட்டது என்று பொருள். தகுதியுள்ள இன்னொரு உரிமையாளரோ பயிற்றுநரோ பந்தயத்துக்குச் சற்று முன் எழுத்தில் கேட்டு, அதற்கான பணத்தையும் கணக்கில் வைத்திருந்தால், ஓட்டம் முடிந்ததும் குதிரை அவருடையது. ஒரே குதிரைக்குப் பலர் கேட்டிருந்தால் சீட்டுக் குலுக்கல். அன்றைய ஓட்டத்தின் பரிசுப் பணம் மட்டும் பழைய உரிமையாளருக்குப் போகும்.

இந்த ஏற்பாடு எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 40,000 டொலர் பெறுமதியுள்ள குதிரையை 10,000 டொலர் பந்தயத்தில் இறக்கினால் சுலபமாக வெல்லலாம்; ஆனால் யாரோ ஒருவர் அதை 10,000 டொலருக்குக் கொண்டுபோய்விடுவார். அந்தப் பயம்தான் குதிரைகளை அவற்றின் தரத்துக்கேற்ற பந்தயத்தில் நிறுத்திவைக்கிறது. ஆகவே கிளெய்ம் விலை என்பது, குதிரையைத் தினமும் பார்க்கும் ஆள் அதன் மேல் வைத்திருக்கும் மதிப்பு.

அந்த மதிப்பு தவறவும் செய்யும். ஸ்டைமி என்ற குதிரையை 1943இல் பயிற்றுநர் ஹெர்ஷ் ஜேக்கப்ஸ் 1,500 டொலருக்குக் கிளெய்ம் செய்தார். அது ஓடி முடித்தபோது சம்பாதித்திருந்தது 9 இலட்சம் டொலருக்கும் மேல். ரிச் ஸ்ட்ரைக் 2021 செப்டம்பரில் சேர்ச்சில் டவுன்ஸ் பந்தயத் திடலில் 30,000 டொலருக்குக் கைமாறிய குதிரை. அதே ஓட்டத்தில் 17 குதிரை நீளத்துக்கும் மேலான இடைவெளியில் வென்றது. அடுத்த மே மாதம் 80/1 ஒட்ஸில் அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டேர்பியையே வென்றது. இவை அபூர்வங்கள். இவற்றை நம்பிப் பணம் கட்டக் கூடாது. ஆனால் விற்கிறவருக்கு எப்போதும் எல்லாம் தெரியும் என்று நினைப்பதும் சரியல்ல என்பதற்கு இவை சாட்சி.

முதலாம் படி: பந்தய நிபந்தனையை முழுவதும் வாசியுங்கள்

நிபந்தனையை வாசிக்காமல் குதிரைப் பெயர்களுக்குத் தாவுவது பரவலான பழக்கம். ஒரே 16,000 டொலர் விலையில் ஓடும் இரண்டு பந்தயங்கள் ஒரே தரமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று எல்லாக் குதிரைகளுக்கும் திறந்ததாக இருக்கும். மற்றது "வாழ்நாளில் இரண்டு முறை வெல்லாதவை" என்றோ "கடந்த ஆறு மாதத்தில் வெல்லாதவை" என்றோ கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். இரண்டாவது வகை தெளிவாகப் பலம் குறைந்தது. அதில் வென்ற குதிரை அடுத்து திறந்த பந்தயத்துக்கு வரும்போது விலை மாறவில்லை என்றாலும் தரம் உயர்ந்துவிட்டது.

இதுவரை ஒரு முறைகூட வெல்லாத குதிரைகளுக்கான பந்தயங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. விற்பனைக்கு வராத கன்னிப் பந்தயத்திலிருந்து கிளெய்மிங் கன்னிப் பந்தயத்துக்கு முதன்முறையாக இறங்கும் குதிரையைத் தனியாகக் குறித்துவையுங்கள். அமெரிக்கப் பந்தயங்களில் ஒரே எட்டில் இவ்வளவு தரம் குறையும் இடம் வேறொன்று இல்லை என்றே சொல்லலாம்.

தூரம், பாதை, பரிசுப் பணம் மூன்றையும் இந்தப் படியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பரிசுப் பணம் ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

இரண்டாம் படி: விலை எந்தப் பக்கம் போகிறது?

எனக்கு இந்த விளையாட்டில் பிடித்த பகுதி இதுதான். அதிக நேரம் செலவிட வேண்டியதும் இங்கேதான்.

ஒவ்வொரு குதிரையும் கடைசி ஐந்தாறு ஓட்டங்களில் எந்த விலைக்கு ஓடியது என்று வரிசையாக எழுதுங்கள். அமெரிக்கப் பந்தயப் பதிவுகளைத் தரும் எக்விபேஸ் இணையத்தளத்தில் ஓட்ட முடிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்தக் குதிரை எந்த ஓட்டத்தில் கைமாறியது என்பதும் முடிவின் அடியில் இருக்கும். டெய்லி ரேஸிங் ஃபோர்ம் என்ற அமெரிக்கப் பந்தயப் பத்திரிகையின் பதிவில் கிளெய்ம் செய்யப்பட்ட ஓட்டத்தின் விலைக்கு முன்னால் "சி" என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து நிற்கும். கண்ணில் படாத அளவு சிறிய அந்த எழுத்தை ஒவ்வொரு வரியிலும் தேடிப் பாருங்கள். குதிரை வேறு தொழுவத்துக்குப் போனதும், அதன் பழைய பதிவை வாசிக்கும் விதமே மாறிவிடுகிறது.

விலை இறங்கும் குதிரைதான் கூட்டத்தை இழுக்கும். புக்கியில் ஒரு மீனவ இளைஞரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

"மாஸ்டர், இது முப்பத்திரண்டாயிரத்தில் வென்ற குதிரை. இன்றைக்குப் பதினாறாயிரத்தில் ஓடுகிறது. யோசிக்காமல் கட்டலாம்தானே?"

"தம்பி, போன மாதம் நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்காத முச்சக்கர வண்டியை இன்றைக்கு ஒருவர் பாதி விலைக்குத் தருகிறேன் என்று வந்தால் நீர் முதலில் எதைப் பார்ப்பீர்?"

"எஞ்சினைத்தான்."

"அப்படியென்றால் இதையும் பாரும்."

வெற்றி பெற்ற குதிரையைப் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள் என்றால் காலில் ஏதோ இருக்கலாம். யாராவது கொண்டுபோகட்டும் என்று உரிமையாளர் நினைக்கலாம். ஆனால் எல்லா இறக்கமும் இப்படியல்ல. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் வெல்லும் குதிரைக்குப் பரிசுப் பணத்தில் பெரும்பாலும் 60 வீதம் வரை கிடைக்கும். அந்தத் தொகையுடன் கிளெய்ம் விலையைக் கூட்டுங்கள். வென்று, குதிரையும் விலைபோனால் உரிமையாளர் கையில் வருவது அவ்வளவு.

உதாரணமாக, ஒருவர் 32,000 டொலருக்கு வாங்கிய குதிரையை 16,000 டொலர் பந்தயத்தில் இறக்குகிறார். பரிசுப் பணம் 30,000 டொலர் என்றால் வெற்றிப் பங்கு 18,000. மொத்தம் 34,000. குதிரையை இழந்தாலும் அவருக்கு நட்டமில்லை. இது நியாயமான இறக்கம். வெல்லும் நோக்கத்தோடு வந்திருக்கிறார். அதே பந்தயத்தின் பரிசு 18,000 டொலர்தான் என்றால் வெற்றிப் பங்கு 10,800, மொத்தம் 26,800. வென்றாலும் நட்டம். நட்டம் வரும் என்று தெரிந்தே ஒருவர் குதிரையை விற்பனைக்கு வைக்கிறார் என்றால் காரணத்தைத் தேடுங்கள். பெரிய பரிசுப் பணம் தரும் பாதைகளில் விலை இறக்கத்தைச் சந்தேகிக்கத் தேவை குறைவு. சிறிய பாதைகளில் கூடுதல். இந்த ஒரு கணக்கைப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் அதற்கு மதிப்பு.

இன்னும் சில அடையாளங்கள் உதவும். ஒரு படி மட்டும் இறங்கி, இரண்டு மூன்று வார இடைவெளியில் ஓடுவது நல்ல குறி. இரண்டு மூன்று படி ஒரே தடவையில் இறங்கி, அதுவும் நீண்ட ஓய்வுக்குப் பின் வருவது கெட்ட குறி. ஓய்வுக்குப் பிறகு பயிற்சி ஓட்டங்கள் சீராக, வாரம் ஒன்று என்ற அளவில் இருந்தால் சந்தேகத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

விலை ஏறும் குதிரையையும் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். சில மாநிலங்களில், கிளெய்ம் செய்த குதிரையை முதல் 30 நாள் போல வாங்கிய விலையைவிடக் கூடிய விலையில்தான் ஓட்டலாம் என்று விதி இருக்கிறது. சில இடங்களில் 25 வீதம் கூட வேண்டும். 12,500 டொலருக்கு வாங்கிய குதிரை இருபதாம் நாள் 16,000 டொலரில் ஓடினால் அது விதியின் கட்டாயமாக இருக்கலாம். நாற்பத்தைந்தாம் நாளும் 16,000 டொலரிலேயே ஓடினால், கீழே இறக்க வழி இருந்தும் புதிய பயிற்றுநர் மேலே நிறுத்தியிருக்கிறார். அது நம்பிக்கையின் அடையாளம்.

மூன்றாம் படி: வேகத்தை ஒப்பிடுங்கள்

வெறும் நேரத்தை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஒரு நாள் பாதை இறுகி வேகமாக இருக்கும். மறுநாள் தளர்ந்து மெதுவாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கழித்து ஒரே எண்ணாகத் தருவதுதான் வேக எண். அண்ட்ரூ பேயர் உருவாக்கிய பேயர் எண்கள் 1992 முதல் டெய்லி ரேஸிங் ஃபோர்மில் வருகின்றன. 6 பர்லாங் ஓட்டத்தில் ஒரு குதிரை நீளம் ஏறக்குறைய இரண்டரைப் புள்ளி. ஒரு பர்லாங் 201 மீற்றர் என்பதால் 6 பர்லாங் என்பது 1,200 மீற்றரைச் சற்றுத் தாண்டும்.

மிகப் பெரிய எண்ணைத் தேடிப் பிடிப்பதில் பயனில்லை. இன்றைய தூரம், இன்றைய வகைப் பாதை இரண்டிலும் குதிரை கடைசியாக ஓடிய மூன்று ஓட்டங்களை எடுங்கள். அதில் நடுவில் உள்ள எண்ணை அடிப்படையாக வையுங்கள். ஓராண்டுக்கு முன் எடுத்த 85 இன்றைக்கு உதவாது. மலிவான கிளெய்மிங் குதிரைகள் மூட்டு வலியோடும் பழைய காயங்களோடும் ஓடுபவை. அவற்றின் நிலை மாதத்துக்கு மாதம் மாறும்.

இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஐந்தாறு புள்ளிக்கு மேல் இருந்தால்தான் அது பேசும்.

நான்காம் படி: ஓட்டம் எப்படி அமையும்?

பதிவில் முதல் கால் மைலிலும் அரை மைலிலும் குதிரை எந்த இடத்தில் இருந்தது என்று பாருங்கள். மூன்று வகையாகப் பிரியும்: தொடக்கம் முதலே முன்னால் ஓடுபவை, தலைமைக்குப் பின்னால் இரண்டு மூன்று நீளத்தில் தொடர்பவை, கடைசியில் இருந்து வருபவை.

முன்னால் ஓடும் குதிரை ஒன்றே ஒன்றுதான் என்றால், அதுவும் மண் பாதையில், அதன் வேக எண்ணைவிடக் கூடுதலாக அதை மதியுங்கள். யாரும் தொந்தரவு செய்யாமல் அது தன் வேகத்தில் ஓடும். கடைசி நேரத்துக்குப் பலத்தைச் சேர்த்துவைக்கும். முன்னால் ஓட விரும்புபவை மூன்று என்றால் கதை வேறு. ஒன்றையொன்று துரத்தி முதல் அரை மைலிலேயே களைத்துப்போகும். அந்த நிலையில் பின்தொடரும் குதிரைக்குப் பொன்னான நாள். கடைசியில் இருந்து வருபவைக்கும் வாய்ப்புக் கூடும். ஆனால் குறுந்தூரத்தில் அவை பெரும்பாலும் நேரம் போதாமல் இரண்டாம் மூன்றாம் இடத்தோடு நின்றுவிடுகின்றன.

போன ஓட்டத்தில் மோசமாகத் தோற்ற குதிரையை இந்தப் பார்வையில் மீண்டும் படியுங்கள். தலைமைக்காகப் போட்டியிட்டுக் கடைசியில் ஆறாவதாக வந்த குதிரை, இன்று போட்டியில்லாத பந்தயத்தில் நிற்கிறதா? பெறுமதி அங்கே ஒளிந்திருக்கும். கூட்டம் கடைசி முடிவை மட்டும் பார்த்து அதை ஒதுக்கியிருக்கும்.

பயிற்றுநர், ஜொக்கி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளெய்ம் செய்த பின் முதல் ஓட்டத்திலேயே வெல்லும் பழக்கமுள்ள பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வீதம் பதிவிலேயே இருக்கும். ஜொக்கி மாறியிருப்பது தனியாக ஒரு காரணமாகாது. மற்ற அடையாளங்களோடு சேர்ந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

பிரிட்டன் கிளெய்மர்: எடைதான் திறவுகோல்

இங்கே புக்கியில் நீங்கள் காணக்கூடியது இதைத்தான், அதுவும் பனிக்காலத்தில், வுல்வர்ஹாம்ப்டன், சவுத்வெல், லிங்ஃபீல்ட் போன்ற செயற்கைப் பாதைகளில். அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் வெவ்வேறு கிளெய்ம் விலை. உரிமையாளர் தரப்பே ஓர் உச்ச வரம்புக்குள் விலையைத் தீர்மானிக்கிறது. விலையைக் குறைத்தால் குதிரை சுமக்கும் எடையும் குறையும். கேட்பது ஓட்டத்துக்குப் பிறகு. பலர் கேட்டால் கூடிய விலை எழுதியவருக்குக் குதிரை.

சாதாரண ஹண்டிகப் பந்தயத்தில் அதிகாரபூர்வ மதிப்பெண்ணுக்கு ஏற்ப எடை ஏற்றப்படுகிறது. எல்லாக் குதிரையும் தாளில் சமம். கிளெய்மரில் எடை விலையைச் சார்ந்தது, மதிப்பெண்ணைச் சார்ந்ததல்ல. ஆகவே தாளிலேயே சமமில்லாத குதிரைகள் கிடைக்கும். மதிப்பெண்ணில் ஒரு புள்ளி, எடையில் ஓர் இறாத்தல். 14 இறாத்தல் ஒரு ஸ்டோன்.

மூன்று குதிரைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதன் மதிப்பெண் 78, எடை 9 ஸ்டோன் 6 இறாத்தல், அதாவது 132. இரண்டாவது 70, எடை 124. மதிப்பெண்ணில் 8 குறைவு, எடையிலும் 8 குறைவு, இரண்டும் சமம். மூன்றாவது 74, எடை 123. முதலாவதைவிட மதிப்பெண்ணில் 4 குறைவு. ஆனால் எடையில் 9 குறைவு. இதற்கு 5 இறாத்தல் ஆதாயம். மூன்றாவது குதிரையின் உரிமையாளர் விலையைக் குறைத்து எடையைக் குறைத்திருக்கிறார்: அவர் வெல்ல விரும்புகிறாரா, விற்க விரும்புகிறாரா என்ற பழைய கேள்வியே திரும்பவும் வருகிறது. அண்மைய ஓட்டங்கள் அந்த மதிப்பெண்ணுக்கு நெருக்கமாக இருந்தால் வெல்ல என்று கொள்ளலாம். மதிப்பெண் மாதக்கணக்காகச் சரிந்துகொண்டே வந்தால் விற்க.

ஐந்தாம் படி: எண்ணத்தை வீதமாக எழுதுங்கள்

இதுவரை செய்தது குதிரையைப் பற்றிய வேலை. பெறுமதி என்பது ஒட்ஸையும் குதிரையையும் ஒப்பிடுவது. வெல்ல வாய்ப்புள்ள குதிரை மோசமான பந்தயமாகவும், தோற்க வாய்ப்புள்ள குதிரை நல்ல பந்தயமாகவும் இருக்கலாம்.

ஒட்ஸை வீதமாக்குவது சுலபம். 5/1 என்றால் 1ஐ 6ஆல் வகுங்கள்: 16.7 வீதம். 5/2 என்றால் 2ஐ 7ஆல்: 28.6 வீதம். எல்லாக் குதிரைகளின் வீதத்தையும் கூட்டினால் 100ஐத் தாண்டும். தாண்டுகிற பகுதி புக்கியின் அல்லது பந்தயத் திடலின் பங்கு. அமெரிக்காவில் வெற்றிப் பந்தயத்துக்கு மொத்தப் பணத்தில் 15 முதல் 18 வீதம் வரை கழிக்கிறார்கள். இரண்டு மூன்று குதிரைகளைச் சேர்த்துக் கட்டும் வகைகளில் இன்னும் கூடுதல். ஆகவே தொடங்கும்போதே நாம் அவ்வளவு பின்தங்கி நிற்கிறோம். இதை ஒருபோதும் மறக்க வேண்டாம்.

ஒரு கற்பனைப் பந்தயத்தை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். 6 பர்லாங், மண் பாதை, 16,000 டொலர் கிளெய்மிங், பரிசுப் பணம் 18,000 டொலர், ஏழு குதிரைகள்.

1ஆம் எண்: முன்னால் ஓடுவது, வேக எண்கள் 74, 72, 73, இதே விலையில் இரண்டாவதாக வந்தது. ஒட்ஸ் 3/1.
2ஆம் எண்: கடைசியில் இருந்து வருவது, 70, 76, 68. ஒட்ஸ் 8/1.
3ஆம் எண்: முன்னால் ஓடுவது, 32,000 டொலரில் வென்றபோது 82, பின் 70 நாள் ஓய்வு, இன்று பாதி விலை. ஒட்ஸ் 6/5, பேவரிட் (கூட்டம் அதிகம் நம்பும் குதிரை).
4ஆம் எண்: பின்தொடர்வது, 12,500 டொலரில் வென்று கிளெய்ம் ஆகி 45 நாள், எண்கள் 71, 72, 75. ஒட்ஸ் 5/1.
5ஆம் எண்: முன்னால் ஓடுவது; 71ஐச் சுற்றி. ஒட்ஸ் 12/1.
6ஆம் எண்: 65ஐத் தாண்டாதது. ஒட்ஸ் 25/1.
7ஆம் எண்: கடைசியில் இருந்து வருவது, 69. ஒட்ஸ் 14/1.

ஒட்ஸ் வீதங்களின் கூட்டுத்தொகை 116.4.

3ஆம் எண்ணுக்கு இரண்டாம் படிக் கணக்கைப் போடுங்கள்: 10,800 உடன் 16,000 சேர்த்தால் 26,800. முப்பத்திரண்டாயிரத்தில் வென்ற குதிரையை இதற்கு விட்டுக்கொடுக்கிறார்கள். அதோடு 1, 3, 5 மூன்றும் முன்னால் ஓடத் துடிப்பவை. அந்தப் போட்டிக்குப் பின்னால் அமைதியாக ஓடப்போவது 4. அதன் எண்கள் ஏறுமுகம். விதியின் கட்டாயமும் இல்லை. என் மதிப்பீடு இப்படி: 1க்கு 21, 2க்கு 13, 3க்கு 22, 4க்கு 24, 5க்கு 9, 6க்கு 4, 7க்கு 7. கூட்டினால் 100 வர வேண்டும்; வராவிட்டால் எங்கோ ஆசை புகுந்திருக்கிறது.

இந்த மதிப்பீட்டை அப்படியே நம்ப வேண்டாம். பேவரிட்கள் மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்களை வெல்கின்றன. கூட்டத்துக்கும் நிறையத் தெரியும், குதிரையை நேரில் பார்த்தவர்களின் பணமும் அதில் இருக்கிறது. ஆகவே கூட்டத்தின் வீதத்தையும் நம் வீதத்தையும் பாதிக்குப் பாதி கலப்பதே என் வழக்கம். 4ஆம் எண்ணுக்குக் கூட்டத்தின் வீதம் 16.7; அதை 116.4ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 14.3. நம்முடையது 24. இரண்டின் சராசரி 19.2 வீதம். 5/1 ஒட்ஸில் வென்றால் கட்டிய ரூபாய் ஒன்றுக்கு ஆறு ரூபாய் திரும்பும். 0.192ஐ 6ஆல் பெருக்கினால் 1.15. நீண்ட ஓட்டத்தில் கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 15 ரூபாய் ஆதாயம். இதே கணக்கில் 3ஆம் எண்ணுக்கு 0.67தான் வரும், 1ஆம் எண்ணுக்கு 0.85. 2க்கும் 5க்கும் 1.01, அவ்வளவு சிறிய ஆதாயம் நம் மதிப்பீட்டுப் பிழைக்கே போதாது. 1.10க்குக் குறைந்தால் நான் தொடுவதில்லை.

4ஆம் எண் 4/1க்கு இறங்கினால் கணக்கு மாறிவிடும்: கூட்டத்தின் வீதம் கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெருக்கல் ஒன்றைச் சற்றே தாண்டும், விட்டுவிட வேண்டியதுதான். குதிரை அதேதான், நம் கருத்தும் அதேதான். விலை மட்டும் கெட்டுவிட்டது. இதை ஏற்றுக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் கடினமான காரியம். அமெரிக்க முறையில் பணம் கட்டிய பிறகும் ஒட்ஸ் மாறும் என்பதால் கடைசி நிமிடம் வரை காத்திருப்பது நல்லது.

புக்கியில் கட்டும்போது மூன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: அமெரிக்க ஓட்டங்களை எடுக்கிறார்களா, பலகையில் இருக்கும் ஒட்ஸைத் தருவார்களா அல்லது ஓட்டம் தொடங்கும்போது உள்ள தொடக்க ஒட்ஸா, வென்ற பணத்தில் ஏதும் கழிவு உண்டா. 5 வீதம் கழித்தாலும் மேலே சொன்ன 15 ரூபாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோகும். பிரிட்டன் பந்தயங்களில் இடத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். எட்டுக் குதிரை ஓடும் கிளெய்மரில் வழக்கமாக மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு ஒட்ஸ். ஒன்று விலகி ஏழானால் இடம் இரண்டுதான்.

ஆறாம் படி: எவ்வளவு கட்டுவது?

1956இல் ஜோன் கெலி எழுதிய சூத்திரம் இதற்கு உதவுகிறது. வெல்லும் வாய்ப்பை ஒட்ஸால் பெருக்கி, தோற்கும் வாய்ப்பைக் கழித்து, விடையை ஒட்ஸால் வகுக்க வேண்டும். 4ஆம் எண்ணுக்கு: 0.192 பெருக்கல் 5 என்றால் 0.96, அதில் 0.808ஐக் கழித்தால் 0.152, 5ஆல் வகுத்தால் 0.03. அதாவது முதற்பணத்தில் 3 வீதம். நம் மதிப்பீடு தவறக்கூடியது என்பதால் அதில் காற்பங்கு போதும். பந்தயத்துக்கென்று ஒதுக்கிய முதற்பணம் 20,000 ரூபாய் என்றால் இந்தக் குதிரைக்குக் கட்ட வேண்டியது ஏறக்குறைய 150 ரூபாய்.

சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் 19 வீத வாய்ப்புள்ள குதிரைகளில் மட்டுமே கட்டிவந்தால், எடுத்துக்கொண்ட எந்தப் பத்துப் பந்தயமும் அடுத்தடுத்துத் தோற்க 12 வீத வாய்ப்பு இருக்கிறது. சரியாகக் கணித்தவருக்கே இந்த நிலை. ஒவ்வொன்றிலும் 2,000 ரூபாய் கட்டியவர் பத்தாவது தோல்வியில் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செயற்கைப் பாதை ஓட்டங்களும் மலிவான கிளெய்மிங் பந்தயங்களும் கூடுதலாக வரும் பனிக்காலம், நமக்கு வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்கள். வருமானம் குறைந்து, கையில் நேரம் மிகுந்து, புக்கி வாசல் அழைக்கும் பருவம் அது. அப்போது கடன் வாங்கியோ, நகை அடகுவைத்தோ, பிள்ளையின் ரியூஷன் காசிலோ பந்தயம் கட்டுகிறவருக்கு மேலே எழுதிய ஒரு கணக்கும் உதவாது. இழந்ததை அன்றிரவே மீட்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்று கட்டுவதை நிறுத்துங்கள். அந்த எண்ணம் தினமும் வருகிறது என்றால் பந்தயத்தையே நிறுத்தி, வீட்டாரிடம் சொல்லி, மருத்துவரையோ உளவள ஆலோசகரையோ நாடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரவு 11.30க்கு ஓடும் அமெரிக்கப் பந்தயங்களுக்கு மதிப்பீட்டைப் பகலிலேயே எழுதிவையுங்கள். தூக்கக் கண்ணோடு போட்ட கணக்கில் ஆசைதான் அதிகம் இருக்கும்.

ஏழாம் படி: பதிவேடு

ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். நாள், பாதை, கிளெய்ம் விலை, பரிசுப் பணம், உங்கள் வீதம், கூட்டத்தின் வீதம், கலந்த வீதம், கட்டிய ஒட்ஸ், ஓட்டம் தொடங்கியபோது இருந்த ஒட்ஸ், முடிவு. தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: "நியாயமான இறக்கம்", "தனியாக முன்னால்", "எடை ஆதாயம்" என்பது போல.

முதல் சில வாரங்கள் பணமே கட்டாமல் எழுதிப் பழகுவதைத்தான் சிபாரிசு செய்வேன். நூறு பந்தயம் சேர்ந்ததும் காரணவாரியாகப் பிரித்துப் பாருங்கள். 20 வீதம் என்று நீங்கள் எழுதிய குதிரைகள் உண்மையில் ஐந்தில் ஒன்று வென்றனவா? நூறு என்பது சிறிய எண்ணிக்கைதான். அதிர்ஷ்டத்தின் பங்கு அதில் நிறைய இருக்கும். அதனால் வெற்றி தோல்வியைவிட, நீங்கள் கட்டிய ஒட்ஸுக்கும் தொடக்க ஒட்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் பாருங்கள். நீங்கள் 6/1க்கு எடுத்த குதிரைகள் தொடர்ந்து 4/1, 9/2 என்று இறங்கியே ஓடுகின்றன என்றால், தோல்விகள் வந்திருந்தாலும் உங்கள் வாசிப்பு சரியான பக்கம் இருக்கிறது. எடுத்த பிறகு அவை 8/1, 10/1 என்று ஏறிக்கொண்டே போகின்றன என்றால், உங்களுக்குத் தெரியாத ஒன்று மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் பணத்தை உள்ளே வைத்துவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். அந்தக் குதிரைகள் ஒவ்வொன்றின் கிளெய்ம் விலையும் எந்த ஓட்டத்தில், யார் கையில் இருந்தபோது இறங்கத் தொடங்கியது என்று மீண்டும் தேடுங்கள்.